நாங்கள் மாலை போட்ட பைலட்

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டுகிறேன். என் மகள் கவிதாவுக்கு விமானியாக வேண்டும் என்று ஆசை. ஆஸ்திரேலியாவில் படிப்பதா, தென்னாப்பிரிக்காவில் படிப்பதா என்று குழம்பியபோது சரவணன் நினைவுக்கு வந்தான். நாங்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்து ஆள். தென்னாப்பிரிக்காவில் படித்துவிட்டு, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பைலட் உடுப்பில் வந்தவனுக்கு ஊரே கூடி மாலை போட்டது. ஊர் சார்பில் அதைப் போட்டவன் நான்தான்.

போன் செய்தேன். "நான் படிச்ச பள்ளிக்கே அனுப்புங்கண்ணே. நம்ம தோட்டத்துப் பிள்ள, கவலப்படாதீங்க லா" என்றான். வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை. நம்மவனைச் சந்தேகப்படுவது அசிங்கம் என்று நினைத்தேன்.

பணம் கட்டி அங்கே அனுப்பி இரண்டு மாதம் கழித்துக் கவிதா அழைத்தாள்.

"அப்பா, இங்க ஓடுற பிளேன் ஒண்ணுதான். நான் இன்னும் ஏறவே இல்ல. சரவணன் அண்ணனும் லைசன்ஸ் எடுக்கலப்பா. அவர் பேரும் காத்திருக்கிறவங்க லிஸ்ட்ல இருக்கு. புது ஆள் கொண்டாந்தா சீக்கிரம் பறக்க விடுவாங்களாம். என்னையும் ஆள் பிடிக்கச் சொல்றாங்க."

உடனே கிளம்பி வரச் சொன்னேன். சரவணனைக் கேட்டதற்கு, "நானும் மாட்டிக்கிட்டேன் அண்ணே" என்றான். மாட்டிக்கொண்டவன் என் பிள்ளையை ஏன் இழுத்துவிட்டான்?

இந்த ஆண்டுத் திருவிழாவில் இன்னொருவன் அதே உடுப்பில் வந்து நின்றான். மாலையைக் கையில் பிடித்தபடியே, "தம்பி, மொதல்ல லைசன்ஸைக் காட்டு" என்றேன். கூட்டமே என்னை முறைத்தது.

முறைக்கட்டும்.