அட்டையில் குறைந்த மாத்திரைகள்

எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உண்டு. என் முழங்கால் அறுவைக்குப் பின் டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரைகளையும் எண்ணித்தான் வைத்திருந்தேன். இடுப்பு வலி என்று மகன் முனகியபோது முதல் மாத்திரையை நானே கொடுத்தேன். அதன்பின் அட்டையில் தினமும் இரண்டு, மூன்று குறைந்தன. நான் கேட்கவில்லை. பழவேற்காடு ஏரியில் முறை வைத்துத்தான் வலை விடுவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். எங்கள் பாடு தவறாமல் அவன் படகேறினான். எனக்கு அது போதுமாக இருந்தது. என் மாத்திரைகள் தீர்ந்ததும் அவன் எங்கோ வாங்கிக்கொண்டான்.

எங்கள் பாடு வந்த ஒரு நாள் வலை நிறைய இறால் விழுந்தது. கரையே கூச்சலிட்டது. அவன் மட்டும் சேற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“இன்னாடா, இவ்ளோ இறாலு வுழுந்துகீது, எழவு வூட்ல நிக்கிற மாதிரி நிக்கிற?” என்று பலர் முன்னால் திட்டினேன்.

“சந்தோசமே வர்ல நைனா” என்றான்.

அவனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூளையில் இன்பத்தை உணர்த்தும் இடம் ஒன்று உண்டாம். மாத்திரை அதை அளவுக்கு மீறித் தூண்டித் தூண்டி மரத்துப்போகச் செய்துவிட்டதாம். அதனால் சின்னச் சந்தோஷங்கள் எதுவும் இப்போது அதற்கு எட்டாது, தேற மாதக்கணக்காகும் என்றார் டாக்டர்.

அவன் மாத்திரையை விட்டு நேற்றோடு நூற்றுப் பதினோரு நாள். இறால் வறுவலை அவன் தட்டில் வைத்து, “எப்டிடா கீது?” என்றேன்.

“நல்லாகீதுனு சொல்லணுமா நைனா?”

தட்டில் ஒன்பது இறால் மிச்சமிருந்தது. அட்டையில் மாத்திரை குறைவது முதல் வாரமே எனக்குத் தெரியும் என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.