இறுப்பிட்டி வீட்டுக்குப் பன்னிரண்டு போத்தல்

இது கதையில்லை. நடந்தது. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். எனக்குக் கோபமில்லை. இப்படியான அனுபவங்களை வாசித்து "நல்லா விடுறாங்கள்" என்று சிரித்தவள்தான் நானும். பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, கரண்ட் போனது என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 2025 மார்ச் 27, வியாழக்கிழமை, மத்தியானம் 12.40. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

என் பெயர் கேதீஸ்வரி. வேலணையில் இருக்கிறேன். வீட்டிலேயே எயார் ஃபிரெஷ்னர் செய்து விற்பதுதான் என் தொழில். கடையில் விற்கிற டின் ஸ்பிறே இல்லை. தேசிக்காய், கறுவாப்பட்டை, கராம்பு, எலுமிச்சம்புல், வெட்டிவேர்... எல்லாம் இயற்கையான எசென்ஷியல் ஒயில். சின்னப் போத்தலில் ஊற்றிப் பிரம்புக் குச்சி குத்தி வைத்தால் இரண்டு மாதம் அறை மணக்கும். பனை ஈர்க்கும் குத்திப் பார்த்தேன், எண்ணெய் ஏறவில்லை. இன்னொரு வகை ஜெலி. சைனா கிராஸ் என்கிற கடற்பாசியைக் காய்ச்சி, எண்ணெயும் நிறைய உப்பும் கலந்து உறைய விடுவது. பார்ப்பதற்குப் புடிங் போலவே இருக்கும். வாயில் வைத்தால் நாக்கு வெந்துவிடும்.

இந்தத் தொழிலில் என்னை இறக்கிவிட்டவள் சர்மிதா. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். என் கல்யாணம் முறிந்து நான் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தபோது ஊரே எட்டி நின்று வேடிக்கை பார்த்தது. சர்மி மட்டும் உள்ளே வந்து, சிக்குப் பிடித்த என் தலையை வாரிவிட்டாள். நான் செய்த முதல் போத்தலைத் தன் வீட்டு ஹோலில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசினாள்.

புங்குடுதீவு இறுப்பிட்டியில் அவளுடைய சொந்தக்காரர் வீடு ஒன்று இருந்தது. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது என்று அவள் சொன்னதுதான், நான் போய்ப் பார்த்ததில்லை. அதை விருந்தினர் விடுதியாக்குவதுதான் அவளுடைய கனவு. "அந்த வீடு மட்டும் என்ர கைக்கு வரட்டும் கேதீ, ஒவ்வொரு அறையிலயும் உன்ர மணம்தான்" என்பாள். கேட்டுக் கேட்டு அது என் கனவாகவும் ஆகிவிட்டது. அவள் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஒரே ஆள் அவள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

மார்ச் தொடக்கத்தில் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பூட்டிக் கிடக்கிற வீடு ஒன்றுக்குக் கடுமையான மணத்தில் பன்னிரண்டு போத்தல் வேண்டுமாம். செய்தேன். வந்து எடுத்துப்போனாள். பிறகு 26ஆம் திகதி பின்னேரம் கோல் எடுத்தாள்.

"கேதீ, இறுப்பிட்டி வீடு என்ர கைக்கு வந்திட்டுது. ஆறு வருசமாப் பூட்டிக் கிடந்ததெல்லே, ஒரே பூஞ்சண மணம். போத்தல் காணாது. நாளைக்கு வந்து ஏதும் செய்வியோ? சனிக்கிழமை கனடாவில இருந்து சொந்தக்காரர் வருகினம்."

"ஓம், வாறன்."

மறுநாள் குறிகட்டுவான் பஸ்ஸில் போய்ப் புங்குடுதீவில் இறங்கினேன். 10.05. சர்மி ஸ்கூட்டியில் வந்து அந்த வீட்டு கேற்றடிக்குக் கூட்டிப்போனாள். சுற்றிவர முக்கால்வாசி வீடு கூரை இல்லாமல் பற்றைக்குள் கிடந்தது. இந்த வீடு மட்டும் உருப்படியாக நின்றது. கேற் தூணில் வெள்ளைத் துணிக் கிழிசல் ஒன்று கட்டியபடி இருந்தது.

"நீ உள்ளுக்கு வரேல்லையோ?"

"வேலணைக் கந்தோரில அலுவல் கிடக்கு. மூண்டு மணிக்கு வந்து ஏத்துறன்."

ரோட்டில் நின்றபடியே கதவுத் திறப்பை நீட்டினாள். அவள் கை கேற்றைத் தாண்டி உள்ளே வரவில்லை. நான்தான் எட்டி வாங்கினேன். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கதவைத் திறந்தேன். ஹோல் ஜன்னலில் என் பன்னிரண்டு போத்தல்களும் வரிசையாக நின்றன. ஒன்றிலும் ஒரு துளி எண்ணெய் இல்லை. நக்கித் துடைத்ததுபோல் காய்ந்திருந்தன. இரண்டு மாதம் நிற்க வேண்டியது மூன்று கிழமையில் எப்படி முடியும்? என் தொழிலுக்கே அவமானமாக இருந்தது.

மணத்தைப் பிடித்துப் பார்த்தேன். மூக்கு மரத்துப்போகும்போது முகர்ந்து தெளிவதற்கு நான் எப்போதும் கோப்பித்தூள் கொண்டுபோவேன். அதை முகர்ந்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். பூஞ்சணம் இல்லை. அடியில் ஒருவித அழுகல் இனிப்பு. எலி கிலி செத்திருக்கும் என்று நினைத்தேன்.

குசினிக்குப் போனேன். காஸ் குக்கரைத் திருகியதும் பற்றியது. ஆறு வருசம் பூட்டிக் கிடந்த வீட்டில் காஸ் இருந்தது. சுவரில் நாட்கலண்டர் தொங்கியது. மார்ச் 3, திங்கள். இந்த வருசத்துக் கலண்டர். துப்புரவாக்க வந்த சர்மிதான் மாட்டியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்காக ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். என்னைப் போல் ஒரு முட்டாள் இல்லை.

ஜன்னல்களைத் திறந்து, மூலைமுடுக்கெல்லாம் அப்பச்சோடா தூவிக் கூட்டி அள்ளினேன். பிறகு ஜெலியைக் காய்ச்சினேன். கறுவாவும் தேசிக்காயும் வழமையைவிட இரண்டு மடங்கு. குசினியில் இருந்த நாலு சில்வர் கோப்பைகளில் ஊற்றினேன். நாங்கள் சோறு சாப்பிடுகிற கோப்பைகள்தான். ஹோலில் ஒன்று, இரண்டு முன்னறைகளிலும் ஒவ்வொன்று, பின்னறையில் ஒன்று.

பின்னறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரை ஓரிடத்தில் மட்டும் நிறம் மாறியிருந்தது. பினைல் போட்டுத் தேய்த்த தடம். கோப்பையை அந்த இடத்தில்தான் வைத்தேன். மணம் ஊறட்டும் என்று அறைக் கதவுகளைச் சாத்தினேன். அப்போது நேரம் 11.55.

பின்படியில் குந்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாணைப் பிய்த்துத் தின்றேன். வீடு முழுக்கக் கறுவா மணந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

12.40.

டிங்... டிங்... டிங்.

கரண்டியால் கோப்பையில் தட்டுகிற சத்தம். மூன்று தரம். நின்றது. மறுபடியும் மூன்று தரம்.

பக்கத்து வளவில் யாரோ காகத்துக்குத் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் விரத நாளில் காகத்துக்குச் சோறு வைத்து, கோப்பையில் தட்டிக் கூப்பிட்டு, அது தின்ற பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். ஆனால் யாரும் "கா கா" என்று கூப்பிடவில்லை. ஒரு காகமும் வரவில்லை.

டிங்... டிங்... டிங்.

12.46. சத்தம் வெளியில் இல்லை. எனக்குப் பின்னால், வீட்டுக்குள்.

எழுந்து ஹோலுக்குப் போனேன். கோப்பை வெறுமையாக இருந்தது. அடியில் வழித்துத் தின்ற கோடுகள். கரண்டிக் கோடுகள்.

முதல் அறை. கதவு சாத்தியபடி. கோப்பை வெறுமை.

இரண்டாவது அறையிலும் அப்படியே. அந்த உப்பையும் எண்ணெயையும் நாய்கூட நக்காது.

வீட்டில் இப்போது கறுவா மணம் இல்லை. துளிகூட இல்லை. அந்த இனிப்பு மணம் மட்டும்...

12.52. சர்மிக்குக் கோல் எடுத்தேன்.

"சர்மி... இஞ்ச ஒரு சத்தம் கேக்குது."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"கோப்பையில தட்டுற சத்தமோ?"

நான் சத்தம் என்றுதான் சொன்னேன். கோப்பை என்று சொல்லவில்லை.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

வைத்துவிட்டாள். திரும்ப எடுத்தேன். போன் ஓஃப்.

என்னை இதற்குள் அனுப்பிவிட்டு, தெரிந்தே அனுப்பிவிட்டு, ஓஃப் பண்ணிவிட்டாள். பயத்துக்கு முன்னால் எனக்கு அழுகைதான் வந்தது.

டிங்... டிங்...

பின்னறை.

மூன்றாவது தட்டு விழவில்லை.

"சர்மி..."

வயதான குரல். தொண்டை காய்ந்த குரல். கதவின் அடியிலிருந்து, தரையோடு தரையாக வந்தது.

"சர்மி... வந்திட்டியோ..."

கதவு ஒரு சாண் திறந்தது.

கிர்ர்ர்...

வெறுங்கோப்பை ஒன்று தரையில் உரசியபடி என் காலடிக்கு வந்தது.

"இன்னும்... கொஞ்சம்... போடு..."

ஓடினேன்.

குசினியைக் கடக்கும்போது கலண்டர் கண்ணில் பட்டது. மார்ச் 8, சனி. கீழே ஐந்து தாள்கள் கிழிந்து கிடந்தன.

ரோட்டுக்கு வந்தபோது மணி 1.00. பக்கத்து வீட்டுப் படலையில் ஒரு அம்மா நின்றா. யோகம்மா என்று பிறகு பெயர் சொன்னா. என்னைப் பிடித்து இருத்தித் தண்ணி தந்தா. நான் இரண்டு மிடறு குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டா.

"பிள்ளை, நீரோ காகத்துக்குத் தட்டினது?"

"நான் இல்லை அம்மா. அங்க ஒருத்தரும் இல்லை. ஆறு வருசமாப் பூட்டின வீடுதானே?"

"ஆறு வருசமோ? ஆர் சொன்னது? ராஜராஜேஸ்வரி செத்து இன்னும் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிகூட முடியேல்லை. அதுக்குத்தானே பிள்ளையள் கனடாவில இருந்து வருகினம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னா. ராஜராஜேஸ்வரி சர்மியின் மாமி. நடக்க ஏலாத மனுசி. தனியாக இருந்தவ. "என்ர கட்டை இஞ்சதான் வேகும், வீட்டை ஒருத்தருக்கும் விடமாட்டன்" என்று பிடிவாதமாக நின்றவவாம். சர்மிதான் ஒவ்வொரு நாள் மத்தியானமும் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறவள். பத்து நாள் வராமல் இருந்து, மார்ச் 14ஆம் திகதி சர்மி வந்து கதவைத் திறந்த பிறகுதான் ஊருக்கே தெரியும். மாமி கட்டிலால் விழுந்து, எழும்ப ஏலாமல் அப்படியே கிடந்து செத்திருக்கிறா. மரண நோட்டீஸ் ஒட்டவில்லை, கேற்றில் வெள்ளைத் துணி மட்டும் கட்டினார்களாம். அன்றைக்கே எரித்துவிட்டார்கள்.

"பத்து நாளா வரேல்லையோ?" என்றேன்.

"காய்ச்சலாக் கிடந்தனான், எழும்பேலாது எண்டு சொல்லி அழுதவள். நாங்களும் நம்பினனாங்கள்."

யோகம்மா சீலைத் தலைப்பை வாய்க்குக் கொடுத்துக்கொண்டு நின்றா.

"எங்களுக்கும் அவவுக்கும் வேலிச் சண்டை, பிள்ளை. ரெண்டு வருசமாக் கதை இல்லை. நாலாந் திகதி செவ்வாய்க்கிழமையில இருந்து மத்தியானத்தில கோப்பை தட்டுற சத்தம் கேட்டது. காகத்துக்கு எண்டு இருந்திட்டன். சனிக்கிழமை, எட்டாந் திகதி, எனக்கும் விரதம். நான் இஞ்ச தட்டினன். அவ அங்க தட்டினவ. அதுதான் கடைசி... பசிக்குத் தட்டினவ எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே!"

நான் அழவில்லை. எனக்கு வேறொரு ஞாபகம் வந்துவிட்டது. ஏழாம் திகதி வெள்ளிக்கிழமை காலை. சர்மி என் வீட்டுக்குப் போத்தல் எடுக்க வந்த நாள். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். என் குசினியில் குந்தியிருந்து, நான் சுடச்சுட எடுத்துப் போட்ட நாலு தோசையைத் தின்றாள். "இன்னும் ஒண்டு போடடி" என்று கேட்டு வாங்கித் தின்றாள்.

ஜெலியைத் தின்றது யார், கலண்டரைக் கிழித்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் குரலை நினைத்தால் பயத்தைவிட இப்போது வயிறுதான் எரிகிறது. பசித்தவ கேட்டிருக்கிறா, அவ்வளவுதான். எனக்குச் சர்மியை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. கோப்பைச் சத்தம் அவளுக்கு எப்படித் தெரியும்? உயிரோடு தட்டியதை அவள் கேட்டிருக்கிறாள். கேற்றடியில் நின்று கேட்டுவிட்டு, ஸ்கூட்டியைத் திருப்பியிருக்கிறாள்.

அன்று வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தேன். அவள் போத்தல் கேட்ட செய்தியைத் தேடி எடுத்தேன். பிறகு கனடாவில் இருந்து வந்த பிள்ளைகளிடமும் அதைத்தான் காட்டினேன். செய்தி வந்த அன்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "ஓம்" போட்டிருந்தேன். அவளுக்கு என்றால் எனக்குத்தான் பொறுமை இருக்காதே, மறுநாளே இருந்து பன்னிரண்டையும் செய்து முடித்தேன். இப்போது ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன்.

அனுப்பிய திகதி மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. நேரம் மத்தியானம் 12.58. யோகம்மாவுக்குக் கோப்பைச் சத்தம் முதன்முதலாகக் கேட்ட நாள்.

"கேதீ, பூட்டிக் கிடக்கிற வீடு ஒண்டுக்கு 12 போத்தல் வேணும். கடுமையான மணமா இருக்கட்டும். அவசரமில்லை. அடுத்த கிழமைதான் தேவைப்படும்."