மே தினத்தில் ஊறிய நெல்

மே தினத்துக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் வந்த புதிது. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ரைஸ்மில்களுக்குச் சைக்கிளில் போய், புதுச் சட்டங்களை முதலாளிகளுக்கு எடுத்துச் சொல்வது அப்போது என் பிழைப்பு. மில் முதலாளி ராமையாவிடமும் முன்பே சொல்லியிருந்தேன். வயல்களில் கூலித் தகராறு கொதித்துக்கொண்டிருந்த காலம். "நமக்கு வம்பே வேணாம், அன்னைக்குப் பூட்டிடறேன்" என்றார்.

மே தினத்தன்று காலையில் வியர்க்க விறுவிறுக்க என் வீட்டுக்கு ஓடிவந்தார். "பழக்கதோஷத்துல நேத்து சாயந்தரம் தொட்டியில நெல்லை ஊறப் போட்டுட்டேங்க. இன்னைக்கு அவிக்கலேன்னா நாறிப்போயிடும். ஆளுங்களைக் கூப்பிடலாமா?"

"ஆளுங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்காம கூப்பிட்டா வழக்காயிடும். ஆனா நீங்களே அவிச்சா எந்தச் சட்டமும் தடுக்காது" என்றேன்.

மில்லுக்குப் போனதும் வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் மனைவி அடுப்பில் உமி தள்ள, நானும் கூடை தூக்கினேன். அப்போது கொடியோடு ஊர்வலம் போன மில் ஆட்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். நான் கூடையைக் கீழே வைத்தேன்.

"முதலாளி, ஆவி வந்துடுச்சு, எறக்குங்க! விட்டா சோறாக்கிடுவீங்க போலிருக்கே!" என்று நெல் அவிக்கும் அஞ்சலை கத்த, ஊர்வலமே சிரித்தது. ராமையாவும் சிரித்துவிட்டார். அந்த அவித்த நெல் வாசம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

அந்த மில் இப்போது கல்யாண மண்டபம். நான் எண்பதை நெருங்கியும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். புதுச் சட்டம் வந்தால் தேதியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவதில்லை. "முதல் நாளே தொட்டியில என்ன ஊறப் போடுவீங்க?" என்று கேட்கிறேன். தஞ்சாவூர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் சிரிப்பார்கள். சற்று யோசித்துவிட்டு, முதல் நாளே ஓடவிட்டு லீவு நாளில் ஆள் பார்க்க வேண்டிய வேலை ஏதாவது ஞாபகம் வர, அவசரமாகப் போனை எடுப்பார்கள்.