மீன் அறையில் பார்த்த பனி

தையல்காரம்மா படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் ஊரில் மெத்தப் படித்தவர்கள் உடுத்தும் சட்டைகளில் பாதி அவர் கைபட்டவை. ஒற்றை மெஷினில் தொடங்கிய கடையில் இன்று ஐந்து மெஷின் ஓடுகிறது. யாரும் தூக்கிவிட்டதில்லை. தானே கையூன்றி எழுந்தவர்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகள், பழைய கோட்டை ஒன்றைப் பார்க்க வெளிநாடு கிளம்பினார்கள். கிளம்புவது பனி கொட்டும் மாதம். முப்பத்திரண்டு பேருக்குக் குளிர்கோட்டு வேண்டும். தையல்காரம்மா மாதிரிக்குத் தைத்துக் கொண்டுபோன குளிர்கோட்டைத் தடவிப் பார்த்த தலைமையாசிரியை உதட்டைப் பிதுக்கினார்.

"தையல் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா நீங்க பனியவே பாத்ததில்லையே? கூரையில்லாத கோட்டையில பிள்ளைங்க ரெண்டு மணி நேரம் நிக்கணும்."

"பாத்துட்டு வந்து பதில் சொல்றேன் டீச்சர்."

வீம்புக்குச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை நடுங்கினாலும் முப்பது வருஷப் பெயர் காற்றில் போய்விடும். நேரே கொழுந்தனிடம் போனார். அவருக்கு மீன் பதப்படுத்தும் கிடங்கில் வேலை. குளிர் அறைக் கதவில் மைனஸ் பதினெட்டு என்று எழுதியிருந்தது.

"என்ன அண்ணி, மீனோட மீனாப் படுத்துக்கப் போறீங்களா?"

"கதவத் திற. அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிடு."

குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நெஞ்சு கதகதப்பாக இருந்தது. முதுகில் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வரிவரியாகச் சில்லிட்டது. விரலால் தடவிப் பார்த்ததும் விளங்கிவிட்டது. தையல் ஓடிய இடத்தில் பஞ்சு நசுங்கிக் கிடக்கிறது. அந்த வழியாகத்தான் குளிர் நுழைகிறது.

கதவு லேசாகத் திறந்தது. "அண்ணி, உயிரோட இருக்கீங்களா, இல்ல எடை போட்டுரவா?"

"வாய மூடு, கதவயும் மூடு!"

வீட்டுக்கு வந்ததும் கோட்டைப் பிரித்துப் போட்டார். ஒரே அடுக்காக இருந்த பஞ்சை இரண்டு அடுக்காக்கி, தனித்தனியாகத் தைத்தார். ஓர் அடுக்கின் தையல், மற்றதன் தடித்த பஞ்சின்மேல் படியும்படி தள்ளி வைத்து இணைத்தார். மறுநாள் மறுபடியும் அதே பெட்டி. மூக்கைத் தவிர எதுவும் குளிரவில்லை. கொழுந்தன் அழைத்தும் வேண்டுமென்றே பத்து நிமிஷம் கூட உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தார்.

தலைமையாசிரியை சம்மதித்தார்; முப்பத்திரண்டு கோட்டும் விமானம் ஏறின. போன் அடித்தபோதெல்லாம் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஓடினார். ஐந்தாம் நாள் பகலில், பிள்ளைகளோடு போயிருந்த வரலாற்று வாத்தியாரின் போன் வந்தது. பின்னால் காற்று ஊளையிட்டது.

"கோட்டையிலேருந்து பேசுறேம்மா. சரியான பனி. வேற பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாதியிலயே பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க. நம்மவங்க கடைசி வரைக்கும் நின்னு பாடம் கேட்டாங்க. இன்னும் கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க!"

"எந்தப் பிள்ளையாவது நடுங்குச்சா சார்?"

"ஒண்ணுகூட இல்லம்மா. நான்தான் நடுங்குறேன். என்னோடது கடையில வாங்கின கோட்டு."

தையல்காரம்மா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஊருக்கு வந்ததும் அளவு குடுங்க சார். பெரியவங்களுக்கும் தைப்பேன்."