கயிற்றுக்குக் கீழே அப்பா

போரினால் கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த காலத்தில், எங்கள் மீன்பிடி ஊரான குருநகரில் பிள்ளைகளாகிய எங்களுக்கு சர்க்கஸ் பழக்கினார்கள். கேட்டால் சிரிப்பீர்கள். கொழும்பில் ஒரு சர்க்கஸ் கூட்டத்தோடு திரிந்துவிட்டு, கலவரத்தோடு ஊர் திரும்பியிருந்த ஓர் அண்ணை, பள்ளிக்கூடம் விட்டதும் கோயில் வளவில் எங்களைக் கூட்டிவைத்துக் குட்டிக்கரணம் போடவைப்பார். பிள்ளைகள் தெருவில் திரியாமல் இருந்தால் போதும் என்று பங்குச் சுவாமியாரும் விட்டுவிட்டார்.

எனக்குப் பத்து வயது. அம்மா செத்தபிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். கடல் இல்லாத அப்பா வாய் திறப்பதே குறைவு. சோறு போடுவார், சீப்பால் தலை இழுத்துவிடுவார், முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். உயரத்தில் ஏறி நின்றாலாவது பார்ப்பார் என்று நினைத்துத்தான் நான் கயிற்றில் நடக்கப் பழகினேன். வேறு ஓர் ஆசையும் எனக்கு இருக்கவில்லை.

விழுந்தால் பிடிக்க வலை வேண்டும் என்று அண்ணை சொன்னபோது, வீட்டில் சும்மா கிடந்த தன் வலையை அப்பா தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதை மடித்து நாலு பேர் நாலு மூலையில் பிடிப்பார்கள். நான் மேலே நடக்க நடக்க அவர்களும் கீழே கூடவே நடப்பார்கள். மற்ற மூவரும் அண்ணாந்து என்னைப் பார்ப்பார்கள். அப்பா மட்டும் குனிந்து வலையையே பார்ப்பார். எங்கே தொய்கிறது, எங்கே நூல் அறுந்திருக்கிறது, அதுதான் அவருக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோயில் பெருநாளுக்கு ஆட்டம் காட்டினோம். கோமாளிப் பெடியனுக்கு முகப்பூச்சு கண்ணுக்குள் போய்விட, அவன் உண்மையாகவே அழுதான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு நான் ஏறினேன். நடுவில் ஒருதரம் கால் சறுக்கியது. கையை விரித்துச் சமாளித்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மற்றப் பிள்ளைகளைத் தாய்மார் கட்டிப்பிடித்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி அப்பாவிடம் ஓடினேன்.

“நான் நடந்ததைக் கண்டனீங்களோ அப்பா?”

“இல்லைப் பிள்ளை. நான் வலையிலைதான் கண்ணாய் நிண்டனான்.”

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்த மனுசனுக்கு நான் பெரிதில்லை, ஒரு பழைய வலைதான் பெரிது என்று நெஞ்சு கொதித்தது. வீடு வரைக்கும் அவரோடு கதைக்காமல் தள்ளித் தள்ளியே நடந்தேன். உலகத்தில் எனக்கென்று ஒருவரும் இல்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

சோறு போடும்போதுதான் அப்பாவின் கைகளைக் கண்டேன். எத்தனையோ வருஷம் வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள். இரண்டு உள்ளங்கையிலும் வலைக் கயிறு ஆழமாக வெட்டி இரத்தம் கண்டிருந்தது. கோபத்தில் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவருமே விழாத வலையைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குக் கை எப்படி வெட்டியது என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவும் இல்லை.