கருப்பட்டி அறை

கல்யாணமான பிறகும் அவள் திசையன்விளையில் தாய்வீட்டிலேயே இருந்தாள். நான் வண்ணார்பேட்டையில் வீடு பார்த்துவிட்டுக் காத்திருந்தேன். கல்யாணத்தன்று அவள் என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என்னைப் பிடித்துத்தான் கழுத்தை நீட்டினாளா என்ற சந்தேகம் மனசை அரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் அண்ணன் வந்தார். "மாப்ளே, தங்கச்சி கருப்பட்டி அறை ஒண்ணு வேணும்னு சொல்லுதா" என்றார். வெயில் ஏறுவதற்குள் கொஞ்ச தூரமாவது கடந்துவிட வேண்டுமென்று உடனே வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டார்.

அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம்! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தெருவில் வசதியுள்ளவர்கள் சுவருக்கு வர்ணம் அடித்து, பச்சை அறை, நீல அறை என்று பீற்றிக்கொண்டிருந்த காலம் அது. பனங்காட்டு ஊர்க்காரி கருப்பட்டி நிறம் கேட்கிறாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

வெள்ளையடிக்க வந்தவர் சுண்ணாம்பில் காவியும் கரியும் கலந்து, சுவரில் அடுத்தடுத்து இரண்டு பூச்சு பூசிக்காட்டினார். ஈரத்தில் ஒன்று புதுக் கருப்பட்டி, மற்றது பழைய கருப்பட்டி. காய்ந்தால் இரண்டும் ஒன்றேதான். சன்னலைத் திறந்தால் இது சிவக்கிறது, மூடினால் அது கறுக்கிறது. கடையிலிருந்து ஒரு கருப்பட்டி வாங்கிவந்து சுவரோடு வைத்துப் பார்த்தேன். இரண்டோடும் சேரவில்லை. எரிச்சலில் அதைக் கடித்துத் தின்றுவிட்டேன்.

"எதையாவது ஒண்ணச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று அவர் சலித்துக்கொண்டார். மறுபடியும் இரண்டையும் பூசவைத்து அவரை அனுப்பிவிட்டேன்.

பூச்சு காயவில்லை, அதற்குள் அவளே வந்து இறங்கினாள். வண்டி நிறைய ஓலைப்பெட்டிகளில் கருப்பட்டி. நேரே அந்த அறைக்குள் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரமால்லா இருக்கு. இங்கன கருப்பட்டிய அடுக்குனா கசிஞ்சு போவுமே?"

அடுக்குவதற்கா அறை! வெட்கம் பிடுங்கித் தின்றது. நிறம் என்று நினைத்ததை, வாங்கியதை, தின்றதை எல்லாம் உளறிக் கொட்டினேன்.

அவள் இரண்டு பூச்சையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்குப் பிடிக்கணும்னுதானா இம்புட்டுப் பாடுபட்டிய?" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "அப்ப இதையே அடிங்க" என்று விரலை நீட்டினாள்.

மறுநாள் வெள்ளையடிப்பவர் வந்து, "எது அண்ணாச்சி?" என்று கேட்டார். திருதிருவென்று முழித்தேன். அவள் விரல் நீட்டியபோது நான் சுவரைப் பார்க்கவே இல்லை.