பின்னறையின் உறுமல்

எனக்குப் பைத்தியம் என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. "ரெஸ்ட் எடு", "கோயிலுக்குப் போய்ட்டு வா", "ரொம்ப யோசிக்காதே" என்று சுற்றி வளைத்துச் சொன்னார்கள். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

குருபோங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை. அதைத் தாண்டினால் ஒரு தொழிற்சாலையின் சுவர். போன வருடம் அந்தச் சுவரில், உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளும் பெரிய காற்றாடி ஒன்றைப் பொருத்தினார்கள். காலையில் ஓட ஆரம்பித்தால் மாலையில்தான் நிற்கும். எனக்கு வேறொரு கம்பெனியில் இரவு ஷிப்ட். ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பின்னறையில் படுப்பேன். படுத்ததும் ஓர் உறுமல் தொடங்கும். காதைவிட நெஞ்செலும்பில்தான் அதிகம் கேட்கும். கட்டிலுக்கு அடியில் யாரோ லாரியை ஸ்டார்ட் செய்து வைத்த மாதிரி இருக்கும்.

என் கணவர் உம்பாய் மீன் துறைக்கு ஐஸ் லாரி ஓட்டுகிறவர். அவருக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அன்று தொழிற்சாலைக்கும் ஓய்வு.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே. பக்கத்து வீட்லயும் கேக்கலியாம். உனக்கு மட்டும் எப்படிலா கேக்கும்?" என்றார்.

தொழிற்சாலையில் புகார் செய்தேன். ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். தமிழ்ப் பையன்தான். எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று சத்தம் அளக்கும் மீட்டரைத் தூக்கிப் பிடித்தார்.

"லிமிட்டுக்குள்ளதான் இருக்கு அக்கா. ஓகேலா."

"உள்ள வந்து சுவத்துல கைய வச்சுப் பாருங்க தம்பி."

"வீட்டுக்குள்ள போக எங்களுக்கு பெர்மிஷன் இல்ல அக்கா."

வீட்டுக்குள் இருக்கும் தொல்லையை ரோட்டில் நின்று அளந்துவிட்டுப் போய்விட்டார். சத்தம் எவ்வளவு என்பதைத்தான் அந்த மீட்டர் சொல்லும். அந்தச் சத்தம் எதைப் பிடித்து ஆட்டுகிறது என்று அதற்கு என்ன தெரியும்?

அதன் பிறகுதான் என்னைக் கிளினிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் கணவரே பதில் சொன்னார். நான் பக்கத்தில் ஒரு பார்சல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றைக்கூட நான் விழுங்கவில்லை. ஆனால் அன்று முதல் என் காதை நானே சந்தேகிக்க ஆரம்பித்தேன். அதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது.

இத்தனைக்கும் என் வேலையே பொருள்களை ஆட்டிப் பார்ப்பதுதான். புதிதாகச் செய்த பாகத்தை ஒரு மேசையில் இறுக்கி, மேசையை மெதுவாக அதிரவிட்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஏதோ ஒரு வேகம் வந்ததும் அந்தப் பாகத்தின் ஒரு மெல்லிய தகடு மட்டும் துடிதுடிக்கும். இன்னும் கூட்டினால் அடங்கிவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் தானாக ஆடும் வேகம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் ஆட்டமும் அதே வேகத்தில் வந்தால், சின்ன ஆட்டம்கூடச் சேர்ந்து சேர்ந்து பெரிதாகிவிடும். பாடப்புத்தகத் தமிழில் இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். அப்படித் துடித்த ஒரு தகட்டை ஒரு நாள் விரலால் அழுத்தினேன். துடிப்பு நின்றது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

மறுநாள் பகலில் பின்னால் போய், ஜன்னலுக்கு மேலே சுவரோடு சேர்த்துப் போட்டிருந்த தகரக் கூரையின் சட்டத்தை இரண்டு கையாலும் மேலே தள்ளிப் பிடித்தேன். உறுமல் நின்றது. விட்டேன், வந்தது. பிடித்தேன், நின்றது. பக்கத்து வீட்டுக் கூரை எங்களுடையதில் பாதி நீளம்கூட இல்லை. அதனால் அந்தக் காற்றாடியின் வேகம் அதைச் சீண்டவில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

சட்டத்தின் நடுவில் ஒரு மரக்கட்டையை முட்டாகக் கொடுத்தேன். கூரை விறைப்பானது. உறுமல் போய்விட்டது. ஒரு வாரம் செத்த பிணம் மாதிரி தூங்கினேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. யார் நம்பப் போகிறார்கள்?

அடுத்த வாரம் ஒரு வேலை நாளில் கணவருக்கு லீவு. காலையில் தன் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மருந்து நல்லா வேலை செய்யுதுலா. இப்ப அவ சரியாயிட்டா."

நான் நேராகப் பின்னால் போய் அந்த மரக்கட்டையைத் தட்டி எடுத்தேன். "முன்னறைய கூட்டணும், நீங்க பின்னால போய்க் கொஞ்சம் படுங்க" என்றேன். படுத்தார். நான் துடைப்பத்தைக்கூடத் தொடவில்லை, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். காப்பி ஆறுவதற்குள் நெஞ்சைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்.

"என்னா கொடும இது! மனுசன் இருக்க முடியுமா? அந்தக் கம்பெனிக்காரன சும்மா விடக் கூடாது!"

அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு புகார் செய்யக் கிளம்பினார். அவரை யாரும் கிளினிக்குக் கூட்டிப்போகவில்லை.